கை படக் கூடாது என்றார்கள்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்தான் இருந்தது. வலது கண். இடது கண் கல் தெறித்துப் பூ விழுந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்தார். உளியும் சம்மட்டியும் அவர் வேலை. சல்லி உடைத்துச் சுமப்பது என் வேலை. சொந்த ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். அங்கே எங்களுக்கு நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டதும் அறுத்ததும்தான். குழியில் வருஷம் பூராவும் வேலை இருக்கும் என்று வந்தோம். அரியலூரில் சர்க்கார் சிமெண்ட் ஆலை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை இருந்தோம். முதல் தடவை பன்னிரண்டு நாள். இரண்டாம் தடவை ஒன்பது நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் தண்ணீர் வர ஆரம்பித்தது. காற்று அடித்தாலும் வரும், அடிக்காவிட்டாலும் வரும். குழியில் எல்லாருக்கும் அது சிரிப்பாக இருந்தது.

"என்னா கலியா, பொண்டாட்டி அடிச்சிட்டாளா?" என்று மேஸ்திரி கேட்பார்.

"அவ அடிச்சா ரெண்டு கண்ணுலயும்ல வரும் மேஸ்திரி" என்பார் இவர்.

பிறகு மூக்கு ஓரத்தில், கண் முடிகிற இடத்தில், புளியங்கொட்டை அளவு ஒரு வீக்கம் வந்தது. அதை அமுக்கினால் கண் மூலையில் சீழ் வந்தது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. நான் வெந்நீரில் துணி நனைத்துத் திறந்து விடுவேன். அப்படியே நாலு மாதம் ஓட்டினோம். வலி இல்லை, பார்வை இருந்தது. அதனால் வேலைக்குப் போனோம்.

பெரம்பலூரில் ஒரு டாக்டர் கண்ணுக்கென்றே பத்துக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். நாத்தனாரை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அவள்தான் வந்து சண்டை போட்டு எங்களைக் கூட்டிப்போனாள். டாக்டர் நல்லவர். கை சுத்தம். வாய் மட்டும் பொல்லாதது.

முனை இல்லாத ஊசி ஒன்றை எடுத்து, கீழ் இமையின் உள்மூலையில் இருக்கிற சின்னத் துளையில் விட்டு உப்புத் தண்ணீரைத் தள்ளினார். அந்த மாதிரித் துளை எல்லாருக்கும் இருக்கிறதாம். எனக்கு அதுவரை தெரியாது.

"தொண்டைக்கு வருதா? கரிக்குதா?"

"இல்லீங்க."

தண்ணீர் சீழோடு கண்ணுக்கே திரும்பி வந்தது. டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். கண்ணில் ஊறுகிற தண்ணீர் அந்தத் துளை வழியாக மூக்கு ஓரத்தில் ஒரு பைக்குப் போகும். பையிலிருந்து மூக்குக்குள் இறங்கும். இவருக்குப் பைக்குக் கீழே அடைத்துவிட்டது. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் தேங்கி நாறுவது போல் பை நாறுகிறது. அதில் இருக்கிற கிருமி எந்நேரமும் கண் மேலே வந்து பரவிக் கிடக்கிறது.

"கிருமி மேலாக் கெடந்தா கண்ணு தாங்கும். கருவிழியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வெய்யி, உள்ள போயிரும். அப்புறம் எங்கிட்ட வராத. நீ பாக்குறது கல்லு வேலை. இருக்கிறது ஒரு கண்ணு" என்றார்.

குச்சியில் பஞ்சு சுற்றி இமைக்குள் ஒற்றி எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினார்கள். அதைக் கம்பவுண்டர் திருச்சி பஸ்ஸில் கொண்டுபோனார். அங்கே அதை வளர்த்துப் பார்ப்பார்களாம். மூன்று நாள் கழித்துச் சீட்டு வந்தது. கிருமி நிறைய என்று அதில் இருந்ததாக டாக்டர் சொன்னார்.

அடைத்ததைத் திறக்க முடியாது, பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற எலும்பில் ஓட்டை போட்டுப் புது வழி வைக்க வேண்டும் என்றார். மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போக ஊசி மட்டும் போட்டார்கள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சின்னச் சுத்தியலால் உளியை அடிக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கல் பிளவு விடாதபோது கணீர் என்று இருக்கும். விடப்போகிறபோது சத்தம் அமுங்கும். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கணீர் என்றுதான் இருந்தது. பிறகு அமுங்கியது. விட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தார்கள்.

மறுநாள் வாய் திறந்து பேசினார். முகம் வீங்கிக் கருத்துப்போயிருந்தது.

"தலைக்குள்ளயே குழி வேலை நடந்த மாதிரி இருந்துச்சு புள்ள. டாக்டருக்கு அடி தெரியல. ஓரமா வெச்சிருந்தா ரெண்டு அடியில விட்டிருக்கும்."

சிஸ்டர் கேட்டுவிட்டு டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். டாக்டருக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்று நடந்தது. அரும்பாவூரிலிருந்து ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், முதல் பிள்ளை. பிள்ளைக்குக் கண் வலித்திருக்கிறது. தன் பாலை நாலு நாள் பீச்சி விட்டிருக்கிறாள். எல்லாரும் விடுகிறதுதான். பிள்ளையின் கண் வெள்ளையாகிவிட்டது. டாக்டர் வார்டு பூராவும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"நீயே நோண்டி எடுத்திருக்கலாமே. எதுக்கு எங்கிட்ட வந்த? பெத்தவளா நீ?"

அவளை வெளியே போய் நிற்கச் சொன்னார். பிள்ளை உள்ளே கத்தியது. அவள் பால் கட்டி ரவிக்கை நனைந்து, வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை நின்றாள். இவருக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் பார்க்கவில்லை. காதால் கேட்டார். அவள் எங்கே என்று என்னை நாலு தடவை விசாரித்தார். நிற்கிறாள் என்றேன். அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு மறுபடி பஞ்சில் ஒற்றித் திருச்சிக்கு அனுப்பினார்கள். கிருமி கொஞ்சம் என்று வந்தது. வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தபோது இன்னொன்று எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. பை சுத்தமானதும் கண் மேலே கிடந்தவையும் தானாகவே போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தொண்டைக்குக் கரித்தது.

"இப்ப எங் கண்ண விட ஒங் கண்ணு சுத்தம் கலியபெருமாளு. கெடுத்துக்காத" என்றார்.

சிஸ்டர் சீட்டைப் படித்தார். கை படக் கூடாது. துணி படக் கூடாது. பால், எண்ணெய், தழைச்சாறு எதுவும் விடக் கூடாது. மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. நான் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். பஸ்ஸிலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழியில் யாருக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் நாக்கால் எடுத்துவிடுவேன். மேல் இமையைக் கட்டைவிரலால் புரட்டிப் பிடித்துக்கொண்டு, நாக்கின் ஓரத்தால் ஒரே ஒரு வழி. கல் நாக்கில் வந்துவிடும். துப்பிவிடுவேன். என் அம்மா எடுப்பாள், நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மேஸ்திரிக்கு எடுத்திருக்கிறேன். லாரிக்காரர்களுக்கு எடுத்திருக்கிறேன். காசு வாங்கக் கூடாது, வெற்றிலை கொடுத்தால் வாங்கலாம். எனக்கு அதில் பெருமை இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

திரும்ப வேலைக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். மத்தியானம். உளி முனையிலிருந்து ஒரு கல் சில்லு தெறித்து வலது கண்ணில் விழுந்தது. சம்மட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

எனக்குச் சீட்டு ஞாபகம் இருந்தது. அவர் கண்ணைக் கசக்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன். ஒருத்தர் துண்டை நீட்டினார், வேண்டாம் என்றேன். பக்கத்துக் குடிசையில் பால் கொடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள், கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது என்றேன். கை இல்லை, துணி இல்லை, பால் இல்லை. நாக்கு அந்தச் சீட்டில் இல்லை.

வெற்றிலையைத் துப்பினேன். பானைத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்புளித்தேன். இமையின் மயிரை மட்டும் பிடித்துப் புரட்டி, கண்ணில் விரல் படாமல் எடுத்தேன். கடுகில் பாதி இருக்கும். துப்பினேன். அவர் நாலு தடவை சிமிட்டினார்.

"தெரியுது" என்றார்.

மறுபடி சம்மட்டியை எடுத்தார். நானும் கூடையை எடுத்தேன்.

மறுநாள் காலையில் கண் சிவந்திருந்தது. சாயங்காலம் திறக்க முடியவில்லை. அதற்கு மறுநாள் இமையை விலக்கிப் பார்த்தேன். கருவிழி நடுவில் அரிசிக் குறுணை மாதிரி ஒரு வெள்ளை. இடது கண்ணிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம்.

டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். கருவிழியில் புண் என்றார். என்ன பட்டது என்று கேட்டார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கல் உடைக்கிறவர் பிடி. நான் நிறுத்தினேன்.

"அறுப்புக்குப் போனேங்க. நெல்லுச் சொணை பட்டுருச்சு" என்றார்.

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நெசமா?"

நான் தலையாட்டினேன்.

அவர் ஏன் பிடித்தார் என்று எனக்குத் தெரியும். கல் என்றால் யார் எடுத்தது என்று டாக்டர் கேட்பார். வேப்பமரத்தடியில் நின்ற பெண்ணுக்காகச் சோறு சாப்பிடாதவர். என்னை அந்த இடத்தில் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. நான் ஏன் தலையாட்டினேன் என்றால், எனக்கும் அங்கே போய் நிற்கப் பயம்.

டாக்டர் மூக்கு ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். சீழ் இல்லை. உப்புத் தண்ணீர் விட்டார். கரிக்குதுங்க என்றார் இவர். பையும் சுத்தம், வழியும் திறந்திருக்கிறது, அப்புறம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். நெல்சுணை, தழை இவற்றால் வருகிற புண் பூஞ்சணம். ஈரத்தில் பழைய சோற்றில் பூக்கிறதே, அந்த வகை. அதற்கு மருந்து வேறு, கிருமிக்கு மருந்து வேறு. பூஞ்சணமாகத்தான் இருக்கும் என்று அதற்கு மருந்து ஆரம்பித்தார். புண்ணைச் சுரண்டி எடுத்ததைக் குழாயில் திருச்சிக்கு அனுப்பினார்.

மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. ராத்திரியிலும் அப்படித்தான். சிஸ்டர் ஒரு தடவை, நான் ஒரு தடவை. கருவிழிக்குள்ளே அடியில் மஞ்சளாகச் சீழ் தேங்க ஆரம்பித்தது. பிறை மாதிரி நின்றது. அவர் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது. சொம்பில் மோர் சாய்வது போல. நான் அதைப் பார்க்காமல் மருந்து விடப் பழகினேன்.

நாத்தனார் வேளைக்குக் கஞ்சியும் முருங்கைக்கீரையும் கொண்டுவருவாள். தம்பிக்குத் தானே ஊட்டுவாள். வாய் துடைத்துவிடுவாள். எனக்கும் ஒரு பங்கு கொண்டுவருவாள்.

"பாவம், நீ ஒருத்தி இல்லன்னா இவன் கதி என்னா?" என்று என் முதுகைத் தடவினாள்.

அந்தக் கஞ்சியைக் குடித்தேன்.

இரண்டாம் நாள் டாக்டர் பின்னாலேயே வராந்தா வரை போனேன். இவர் கட்டிலில் இருந்தார், என் கையைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. டாக்டர் திரும்பினார்.

"என்னம்மா?"

"கஞ்சி குடுக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"குடு" என்று போய்விட்டார்.

நாலாம் நாள் சீட்டு வந்தது. டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலுக்கு வந்தார். சிஸ்டரும் வந்தார். பூஞ்சணம் இல்லை. மனுஷர் வாயில் இருக்கிற கிருமி. வாயில் இருந்தால் ஒன்றும் செய்யாது, கருவிழிக் கீறலில் விழுந்தால் விடாது.

"நெல்லுல இது வராதுடா. யார் வாய் வெச்சது?"

இவர் கையால் கட்டில் ஓரத்தைத் துழாவினார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். எட்டவில்லை.

"நாந்தாங்க. நாக்கால எடுத்தேன்."

டாக்டர் கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை.

"நான் எத்தன தடவ சொல்லி அனுப்பினேன்?"

"கை படக் கூடாதுன்னீங்க. கை படலீங்க."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு இடது கண்ணைக் காட்டினார்.

"இது?"

"அப்பவும் கல்லு விழுந்துச்சுங்க. நாந்தான் எடுத்தேன்."

அதுவரை அதை நான் அப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. சொல்லும்போதுதான் தெரிந்தது. கட்டிலில் இருந்தவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. துழாவின கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மருந்தை மாற்றினார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியிலேயே ஊசி போட்டார்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு முழுசாக மரத்துப்போகாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சத்தம் போடவில்லை. கம்பி கொஞ்சம் வளைந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை கண் உடைந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புண் துளைத்துக்கொண்டு உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. வலி சட்டென்று குறைந்ததாம். கண் தேவலாம் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். பிறகு, "இன்னும் விடியலயா?" என்று கேட்டார். மணி ஒன்பது. ஜன்னல் வெயிலில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே உள்ளே மிச்சமிருந்ததைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் சீழ் மூளைக்கு ஏறும் என்றார்கள். கைநாட்டு வைக்க அவர் விரலை நான் பிடித்து மையில் தொட்டேன்.

விஷயம் தெரிந்த பிறகும் நாத்தனார் கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு தூக்குதான். அதைத் தம்பிக்கு ஊட்டிவிட்டுப் போவாள். என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே அனுப்புகிற அன்று டாக்டரிடம் நான் கேட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் கண் இருந்திருக்குமா என்று.

"காப்பாத்தியிருப்பேன்னு சொல்ல மாட்டேம்மா. முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம். நாலு நாளு பெரிசு" என்றார். மூக்கு ஓரத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, ஆபரேஷன் மட்டும் நல்லபடி நின்றுவிட்டது என்றார். அதைச் சொன்ன பிறகு அவர் முகமும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது ஊரில்தான் இருக்கிறோம். அவர் புளிச்சை நாரில் கயிறு திரிக்கிறார். நான் வயல் வேலைக்குப் போகிறேன். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணில் எது விழுந்தாலும் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். நாக்கும் வேண்டாம். டாக்டர் கேட்டால் செய்ததைச் சொல்லுங்கள். அவர் கத்தட்டும். வெளியே நிறுத்தினால் நில்லுங்கள்.

ஊருக்குத் திரும்பின அன்று பஸ்ஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். காற்று முகத்தில் பட்டது. பெரம்பலூர் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"மொத நாளே நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான கையப் புடிச்சீங்க."

அவர் சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

"கையத்தான புள்ள புடிச்சேன். வாயயா புடிச்சேன்?"

கண்டக்டர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன்.